கதிரை தூக்கினவரும் கதிரையில் இருந்தவரும்

2018 பெப்ரவரி 10, சனிக்கிழமை இரவு. உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்து வாக்குகளைப் பள்ளிக்கூடத்திலேயே எண்ணி முடித்துவிட்டார்கள். நான் ஆதரித்து வேலை செய்த ஆள் தோற்றுப்போனார். வென்றவரை ஊரில் எல்லோரும் ‘கதிரைக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். எந்தச் செத்த வீடு என்றாலும் மரண உதவிச் சங்கத்துக் கதிரைகளை லான்ட்மாஸ்டரில் ஏற்றிவந்து முதலில் இறக்குகிறவர் அவர். எட்டாம் நாள் முடிந்து கடைசிக் கதிரையை அடுக்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான். அன்றிரவு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிச்சலோடு சொன்னேன்: “கதிரை தூக்கினதுக்குக் கதிரை குடுத்திரிக்கானுகள்.”

அந்த வார்த்தையை நான் திரும்ப விழுங்க ஐந்து வருடம் பிடித்தது.

நான் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கத்து ஆள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து 2016இல் ஓய்வு பெற்றேன். ஆசிரியராக இருந்த காலம் முழுக்கத் தேர்தல் கடமைக்குப் போயிருக்கிறேன். கடைசி சில தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக. முதல் நாள் பின்னேரம் வாக்குப்பெட்டியோடு பஸ்சில் போய் இறங்கி, வாங்கை இழுத்துப்போட்டு நுளம்புக்குள் படுத்து, விடிய எழும்பி வெறும் பெட்டியைக் கவிழ்த்து முகவர்களுக்குக் காட்டி மூடுவோம். வாக்குச்சீட்டில் ஒன்று கூடக்குறைய வந்தாலும் தூக்கம் வராது. வாத்தியார் பாஷையில் சொன்னால், விடைத்தாள் திருத்துவதில் பிழை நடக்காமல் காவல் காத்தவன் நான். வினாத்தாள் சரியானதுதானா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2018இல் நான் ஆதரித்தவர் பட்டதாரி. நல்ல பேச்சு. மேடையில் திருக்குறள் இல்லாமல் இறங்க மாட்டார். சட்டை கசங்காது. கதிரைக்காரர் எட்டாம் வகுப்போடு நின்றவர், மைக்கைக் கொடுத்தால் “எல்லாருக்கும் வணக்கம், வேற என்ன” என்று முடித்துவிடுவார். யார் தகுதி என்று கேட்டால் அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. வட்டாரத்தில் தோற்ற என் ஆள், கொஞ்ச நாளில் பட்டியல் வழியாகச் சபைக்குள் போனார். புதிய கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் உறுப்பினர்கள் வருவார்கள். சனம் வேண்டாம் என்று சொன்னவரையும் கட்சி விரும்பினால் உள்ளே அனுப்பலாம். எனக்கு அப்போது சந்தோஷம். பாற்சோறு கூடச் சமைத்தோம்.

அந்தச் சபைகளின் காலம், ஒரு வருட நீடிப்பும் சேர்த்து, 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தலோ காசில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் சபையைச் செயலாளர்களே நடத்தினார்கள். வேலையில்லாத வாத்தியாருக்கு வேறென்ன வேலை? தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு படிவம் எழுதிப் போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இரண்டு மாதம் அலைச்சல். ஆனாலும் வந்தது. கூட்ட அறிக்கைகளின் பிரதி, வரவுப் பதிவு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை இருந்து வாசித்தேன். என் பட்டதாரி அநேகமாக எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார். கையெழுத்து அழகு. பிரேரணைகளைத் தேடினால், தலைவர்களின் மறைவுக்கு அனுதாபம், யாருக்கோ பாராட்டு, ஒரு பெயர்ப்பலகை. அவ்வளவுதான். எங்கள் வட்டாரத்தின் பெயர் வருகிற இடமெல்லாம் கதிரைக்காரர் பேசியதாகவே இருந்தது: இன்ன ஒழுங்கையில் இத்தனையாம் கம்பத்து லைட் எரியவில்லை, மயானத்துப் பாதை மாரியில் தாழுது, கட்டாக்காலி மாடு பிடிக்க ஆள் போடவேண்டும், சந்தைக்குப் பின்னால் குப்பை. பிறகு அவரையே கேட்டேன். மடியிலிருந்து ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். கம்ப இலக்கங்கள், திகதி, எரிந்தால் ஒரு சரி. செத்த வீடு செத்த வீடாகக் கதிரை இறக்கித் திரிந்தவருக்கு எந்த ஒழுங்கை எங்கே கிறுகும், எங்கே லான்ட்மாஸ்டர் புதையும் என்று கால் பாடம். நான் தகுதியே இல்லை என்று நினைத்த வேலைதான் அவருடைய பயிற்சி.

கதை இதோடு முடிந்திருந்தால் ‘எளிய மனிதன் வென்றான்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அது உண்மையாக இராது.

அதே அறிக்கைகளில் நாலு பாதீடுகள் இருந்தன. நாலுக்கும் கதிரைக்காரர் கை தூக்கியிருக்கிறார், ஒரு கேள்வியும் கேட்காமல். “அந்தக் கணக்கு எனக்கு விளங்காது சேர், தவிசாளர் சொன்னார் தூக்கினன்.” போகட்டும். ஆனால் எங்கள் பெரிய ஒழுங்கையின் வடிகால் வாய்க்காலை ஒட்டி 2021இல் ஒரு கடைக்கு மதில் எழும்பியது. பாதி வாய்க்காலைத் தின்றுவிட்டது. சனம் சொன்னது, அவருக்கும் தெரியும். அறிக்கையில் அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. 2024 நவம்பர்க் கடைசியில் கிழக்கெல்லாம் வெள்ளம் நின்றதே, அப்போது அந்த ஒழுங்கையில் மட்டும் மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. முழங்காலளவு தண்ணீருக்குள் நின்று என் மனைவி கேட்டாள்: “லைட் எல்லாம் எரியுது. தண்ணி எங்க ஓடுற?”

ஊரில் ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர் அவர். அந்தக் குணம்தான் அவருக்கு வாக்கு வாங்கிக் கொடுத்தது. அதே குணம்தான் மதிலைப் பார்த்தும் வாயை மூட வைத்தது. வீடு வீடாகப் போகிற அந்த நாலைந்து கிழமைக்குள் நாங்கள் ஒரு வேட்பாளரிடம் கேட்பதெல்லாம் ஓம் என்ற சொல். லைட்டா? ஓம். கிறவல் றோட்டா? ஓம். மகனுக்கு வேலையா? ஓம், பாப்பம். சபைக்குள் போன பிறகு அவர் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதோ மற்றச் சொல். அதைச் சொல்வாரா என்று நாங்கள் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

எங்கள் சனத்துக்கு ஆளைத் தெரிவு செய்யத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையைத் தெரிவு செய்கிற கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வேளாண்மைக்காரர் மரத்தடியில் இருந்துகொண்டு என்னவெல்லாம் பேசுவார்கள்! இவன் சாமத்தில் வான்கதவடிக்கு எழும்பிப் போவானா? பெரிய வயற்காரப் போடியாருக்கு முதல் தண்ணி விட்டுப்போட்டு வட்டைக் கடைசியில் இருக்கிறவனைக் காய விடுவானா? போன போகத்தில் சண்டை வந்தபோது எங்கே நின்றான்? யாரும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. தன் வயல் காயும் என்ற பயம் இருக்கிறது, அவனைப் பத்து வருடம் பார்த்த கண் இருக்கிறது, சரிவராவிட்டால் அடுத்த போகத்துக்கு மாற்றலாம் என்ற பிடி இருக்கிறது. அதே ஆட்கள்தான் பிரதேச சபைத் தேர்தல் வந்தால் மைக் சத்தத்தைக் கேட்டு ஆளை அளக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2025 மே 6இல் தேர்தல் என்று வந்ததும், என் தங்கச்சி மகன் சுயேச்சைக் குழு ஒன்றில் எங்கள் வட்டாரத்துக்கு நின்றான். “மாமா, கணக்கு நீங்க பாருங்க. எனக்கு வேற ஆரையும் நம்பேலாது.” 2023இல் வந்த தேர்தல் செலவினச் சட்டப்படி வென்றவரும் தோற்றவரும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு பிளாஸ்ரிக் கோவை, ஒரு ரசீதுப் புத்தகம், நான். இப்படித்தான் முதல் தடவையாக ஒரு வேட்பாளரை உள்ளே இருந்து பார்த்தேன். மேடைக்கு முன்னால் கதிரையில் இருந்து பார்ப்பது வேறு, பில்லை வைத்துப் பார்ப்பது வேறு.

முதல் சோதனை, வேட்புமனு கொடுக்கப் போகிற மாவட்டக் கச்சேரிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. சுயேச்சைக்கு ஆளுக்கு 5,000 ரூபா கட்டுப்பணம், கட்சிக்கு 1,500. அது பெரிதில்லை. வேட்புமனுவில் சத்தியப் பிரமாணம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெண்கள் பங்கு, இளைஞர் பங்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அந்த மார்ச்சில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, பல குழுக்கள் நீதிமன்றத்துக்கு ஓடின. ஒரு கட்டுக் கடதாசியைச் சரியாக நிரப்பாதவர்கள் கோடிக்கணக்கான பாதீட்டை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு. (எங்கள் குழுவிலும் ஒரு பத்திரம் கடைசி நாள் காலையில்தான் கைக்கு வந்தது. சிரித்த வாய் மூடிவிட்டது.)

வீடு வீடாகப் போன மூன்றாம் நாள், கடப்படியில் ஒரு பெத்தா, வயதான பாட்டி, என் மருமகனை (அந்தத் தங்கச்சி மகனைத்தான்) மறித்தார்.

“மனே, எங்கட ஒழுங்கையில லைட் போடுறது ஆரு? சபையா, கரண்ட் கந்தோரா? ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்டு சொல்றான்.”

மருமகன் ஒரு நிமிஷம் நின்றான். “தெரியாது பெத்தா. கேட்டு வந்து சொல்றன்.”

எனக்கு வந்த கோபம்! ஒழுங்கை முக்கில் வைத்து ஏசினேன். “எலக்சன் நேரம் தெரியாது எண்டு சொல்ற முதல் ஆள் நீதான். போட்டுத் தாறம் எண்டு சொல்லிப்போட்டு வா.” அவன் பேசவில்லை. அடுத்த நாள் பின்னேரம் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்: தூணும் வயரும் மின்சார சபையுடையது, விளக்கைப் பொருத்திப் பராமரிப்பது பிரதேச சபை, உங்கள் தூண் இலக்கம் இது, இதை எழுதிக் கொடுத்தால் யாரும் மறுக்க முடியாது. அன்றுதான் எனக்குக் கதிரைக்காரரின் கொப்பி ஞாபகம் வந்தது.

மறுகா நானும் ஒரு விளையாட்டுப் போலத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு வந்த மற்ற வேட்பாளர்களிடம் மூன்று பாதைகளைக் காட்டி எது யாருடையது என்று கேட்டேன். பெரிய தார் றோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, அடுத்தது மாகாணத்துக்குரியது, உள் ஒழுங்கைதான் சபைக்கு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றையும் கார்ப்பட் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஒருவர் யானை வேலியும் சேர்த்துப் போட்டார். யானைக்குப் பொறுப்பு வனஜீவராசிகள் திணைக்களம் என்று சொன்னேன். “அதையும் கதைப்பம் சேர்” என்றார். பிரதேச சபையின் வேலை சோலைவரி, குப்பை, வடிகால், சந்தை, நூலகம், மயானம், தெருவிளக்கு, கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம். இதற்குள் நிற்காத வாக்குறுதி வந்தால், அந்த ஆள் விண்ணப்பிக்கிற வேலை என்னவென்று அவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், இரவு ஒன்பது மணி போல, ஒருவர் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். கொந்தராத்துக்காரர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும். தேத்தண்ணி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், பிறகு ஒரு காகித உறையை மேசையில் வைத்து விரலால் எங்கள் பக்கம் தள்ளினார். “செலவு இருக்கும்தானே தம்பி. வெண்டா பாத்துக்குவம்.” ஒலிபெருக்கிக்காரனுக்கு அடுத்த நாள் கொடுக்க எங்களிடம் காசில்லை. அது மூன்று பேருக்குமே தெரியும்.

மருமகன் என் ரசீதுப் புத்தகத்தை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தான். “சந்தோஷம் அண்ண. பேரைச் சொல்லுங்க, மாமா எழுதுவார். அறிக்கையில போடணும்.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேர் என்னத்துக்கு தம்பி?” கொஞ்ச நேரம் போன பிறகு உறை திரும்பச் சட்டைப்பைக்குள் போனது. தேத்தண்ணியில் பாதி மிச்சம். இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் செலவைக் குறைக்கத்தான் எழுதினார்கள். எனக்கு அது ஆளை அளக்கிற தராசாகவே தெரிந்தது. இப்போது எந்த வேட்பாளர் வீட்டுக்கு வந்தாலும் “உங்கட கணக்கு ஆர் பார்க்கிறார்?” என்று கேட்கிறேன். உடனே ஒரு பெயர் வந்தால் சரி. சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினால் எனக்கு விளங்கிவிடும்.

பெண் வேட்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018இலிருந்து 25 வீதம் கட்டாயம். எங்கள் பக்கம் ஒட்டின ஒரு நோட்டீசில் படம் பிள்ளையினுடையது, தொலைபேசி இலக்கம் புருசனுடையது. எடுத்தால் அவர்தான் பேசுவார். சனம் அதைக் காட்டி “பேருக்குத்தான் போட்டிருக்கு” என்று சிரித்தது. நான் சொல்வது, சிரிக்காமல் அந்தப் பிள்ளையிடம் நேரே போய்க் கேளுங்கள். நாங்கள் போனோம். முன்பள்ளி ஆசிரியை, சபைக்குக் கீழ் இருக்கிற முன்பள்ளிகளில் எத்தனைக்கு மலசலகூடம் இல்லை என்று எங்களுக்கே பாடம் எடுத்தாள். அவளை யாரும் அதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லையாம்.

சரி, இவ்வளவு பரீட்சையும் வைத்தால் நல்லவன் வென்றுவிடுவானா? அந்தப் பெத்தாவே சொல்லிவிட்டார். வாக்களிப்புக்கு இரண்டு நாள் முதல் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்ல பொடியன் மனே. ஆனா சீட்டைக் கண்டா என்ட கை அந்தச் சின்னத்துக்குத்தான் போகும். அப்பா காலத்துல இருந்து அது.” உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது, சின்னம்தான். ஆளைப் பிடித்தாலும் புள்ளடி சின்னத்துக்குத்தான் விழும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க ஒரே அலை அடித்தபோது, தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. எங்களுக்குள்ள 5 ஆசனத்தில் மூன்றை இலங்கைத் தமிழரசுக் கட்சிக்குக் கொடுத்தது. அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023இலிருந்து பாற்பண்ணையாளர் தெருவில் இருந்தார்களே, அதைப் போய் நாடாளுமன்றத்தில் யார் பேசுவார் என்று பார்ப்பதும் ஒரு தகுதிச் சோதனைதான். ஆனால் அந்தச் சோதனை அந்த வேலைக்குரியது. மேய்ச்சல் தரைக்குக் குரல் கொடுக்கிறவரை எடுக்கிற அதே கோலால், வாய்க்கால் துப்புரவு செய்கிறவரையும் அளந்தால் என்ன செய்வது? நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது. கட்சியைத் தெரிவு செய்த பிறகு அதன் பட்டியலில் இருக்கிற 8 பேருக்குள் ஆளையும் பொறுக்கலாம். எங்கள் ஊரில் பாதிப் பேர் சின்னத்துக்குப் போட்டுவிட்டு இலக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு வருகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு, வினாத்தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எழும்பிப் போகிற பிள்ளையின் ஞாபகம்தான் வரும்.

மே 6 இரவு எண்ணினார்கள். கதிரைக்காரர் திரும்பவும் வென்றார். மருமகன் மூன்றாவது. அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவன் மதகடியில் நின்று தன் நோட்டீசுகளைக் கிழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். நான் மே கடைசிக்குள் அறிக்கையைக் கொடுத்தேன். ஒலிபெருக்கி, அச்சு, பெற்றோல், தேத்தண்ணி. மிஞ்சின காசைத் தந்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்தபோது ஒருவர் வாங்க மறுத்துவிட்டு, “இப்பிடி ஒரு எலக்சன் நான் காணல்ல” என்றார். அது பாராட்டா நக்கலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

புரட்டாதியில் பக்கத்து வளவில் ஒரு செத்த வீடு. எட்டு முடிந்து கதிரை அடுக்கும்போது மருமகனும் கூட நின்று தூக்கினான். கதிரைக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

“தம்பி, வருசக் கடைசியில பாதீடு வருமாம். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடாது. ஒருக்கா வந்து பாத்துச் சொல்றியா?”

“வாறன் அண்ண. ஆனா முதல் நாம அந்த வாய்க்கால் மதிலைப் பத்திக் கதைக்கணும்.”

அவர் கையிலிருந்த கதிரையை இறக்கி வைத்தார்.

“அது என்ட சகலன்ட மதில், தம்பி.”

“தெரியும் அண்ண” என்றான் மருமகன்.